கடைக்காரர் காதில் பட்ட கிட்டார்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், கிட்டார்க்காரர் ராபர்ட் ஜான்சன் மைக் முன்னால் உட்கார்ந்தது மொத்தம் ஐந்தே நாள். 1936 நவம்பரில் மூன்று நாள், 1937 ஜூனில் இரண்டு நாள். அந்த ஐந்து நாளில் 29 பாட்டு பதிவானது. அடுத்த ஆண்டே, 27 வயதில், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ், பாப் டிலன் என்று ராக் இசையில் பெரிய பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் அந்த 29 பாட்டுக்குக் கடன்பட்டவர்கள். அதை அவர்களே சொல்லியும் இருக்கிறார்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிசாசிலிருந்து தொடங்குவார்கள். நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசைச் சந்தித்தார், ஆன்மாவை விற்றார், பதிலுக்கு விரலில் வித்தை வந்தது என்ற அந்தக் கதைக்கு அமெரிக்காவில் இன்னும் நல்ல கிராக்கி. நான் ஒரு கடையிலிருந்து தொடங்குகிறேன். காரைக்குடிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஜான்சன் கதையில் முதலில் கண்ணில் படுவது அந்தக் கடைதான். ஒரு கலைஞன் வாசித்ததில் எது கிராமபோன் தட்டில் ஏறியது, எது காற்றோடு போனது என்பதைத் தீர்மானித்தவர் ஒரு கடைக்காரர். அதே காலத்தில் நம் பக்கத்திலும் ஒரு கடையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஜான்சன் மிசிசிப்பி மாநிலத்தின் ஹேசல்ஹர்ஸ்ட் ஊரில் பிறந்தவர். 1911 மே 8 என்பது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதி. அம்மா ஜூலியாவின் கணவர் சார்லஸ் டாட்ஸ் கைத்தேர்ந்த மர வேலைக்காரர். நாற்காலி மேசை செய்வார், சொந்த நிலமும் உண்டு. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அன்றைய மிசிசிப்பியில் அது சாதாரண விஷயமல்ல. வெள்ளை நிலக்காரர்களோடு ஏற்பட்ட தகராறில் கும்பல் அடித்துக் கொல்லத் தேடியபோது, தப்பித்து மெம்பிஸ் போய் ஸ்பென்சர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். அவர் போன பிறகு நோவா ஜான்சன் என்பவருக்கும் ஜூலியாவுக்கும் பிறந்தவர் ராபர்ட். சிறு வயதில் கொஞ்ச காலம் மெம்பிஸில் ஸ்பென்சர் குடும்பத்தோடு வளர்ந்தார், பள்ளிக்கும் போனார். அப்புறம் அம்மாவிடம் திரும்பி, ராபின்சன்வில் பக்கம் பருத்திக் காட்டில் வாழ்க்கை. பருத்தி பறிப்பதில் அவருக்கு விருப்பமே இல்லை. மவுத் ஆர்கன் நன்றாக வாசிப்பார். 1929இல் கல்யாணம். 1930இல் பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஓர் ஊரில் நிலையாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆண்டுதான் சன் ஹவுஸ் என்ற பெரிய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) பாடகர் அந்தப் பக்கம் குடிவந்தார். சனிக்கிழமை ராத்திரி ஆட்டபாட்டத்தில் சன் ஹவுஸ் இடைவேளைக்கு எழுந்து போனால், இந்தப் பையன் கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு தட்டுவான். கேட்கச் சகிக்காமல் ஜனங்கள் நிறுத்தச் சொல்வார்கள். பிற்காலத்தில் சன் ஹவுஸே சொன்ன செய்தி இது. பிறகு ஜான்சன் ஹேசல்ஹர்ஸ்ட் பக்கம் போனார். திரும்பி வந்து கிட்டாரைத் தொட்டபோது சன் ஹவுஸ் வாயடைத்துப் போனார். பிசாசுக் கதை முளைத்தது இந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியில் அவர் எங்கே இருந்தார் என்பது தெரிந்த விஷயம். ஐக் சிம்மர்மன் என்ற கிட்டார்க்காரர் வீட்டில் தங்கி, அவரிடம் பாடம் கேட்டார். ராத்திரியில் சத்தம் போட்டால் யாரும் சண்டைக்கு வராத இடம் இடுகாடுதான் என்று, இருவரும் ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். சிம்மர்மனின் மகள் அதைச் சொல்லியிருக்கிறார். கல்லறையில் கிட்டார் என்றால் பேய்க் கதை கிளம்பாமல் இருக்குமா? இன்னொன்றும் உண்டு. நாற்சந்தியில் பிசாசிடம் வித்தை வாங்கிய கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்னது. இரண்டு பேருக்கும் ஜான்சன் என்று பெயர் முடிந்ததால் கதை இடம் மாறிவிட்டது. நாற்சந்தியைப் பற்றி ராபர்ட் பாடிய பாட்டிலோ பிசாசே கிடையாது. ஒருவன் சாலை சந்திப்பில் மண்டியிட்டுக் கடவுளிடம் கருணை கேட்கிறான்; போகிற வண்டி எதுவும் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. இருட்டிய பிறகு முன்பின் தெரியாத ஊரில் மாட்டிக்கொண்ட ஒரு கறுப்பு இளைஞனுக்கு அன்றைய மிசிசிப்பியில் இருந்த பயம் அந்தப் பாட்டில் அப்படியே இருக்கிறது. வருஷக்கணக்கில் விரல் தேய உழைத்து வந்த வித்தையைப் பிசாசு கொடுத்ததாகச் சொல்வது, அந்த உழைப்புக்கும் சிம்மர்மன் என்ற ஆசிரியருக்கும் செய்கிற அநியாயம் என்று எனக்குக் கோபமே வருவதுண்டு.

சரி, இனி கடைக்கு வருவோம்.

மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் ஃபேரிஷ் தெரு கறுப்பின மக்கள் கடைகண்ணிக்கு வரும் தெரு. அங்கே எச்.சி. ஸ்பியர் என்ற வெள்ளைக்காரர் இசைக்கடை வைத்திருந்தார். கிராமபோன் பெட்டியும் தட்டும்தான் வியாபாரம். அமெரிக்காவில் அப்போது கிராமபோன் என்பது வீட்டு மரச்சாமானோடு சேர்ந்த சரக்கு. பாரமவுண்ட் என்ற புகழ்பெற்ற ப்ளூஸ் தட்டுக் கம்பெனியே விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலி கம்பெனியின் கிளைதான். பெட்டியை விற்க வேண்டுமென்றால் தட்டு வேண்டும், தட்டு விற்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பிடித்த பாட்டு அதில் இருக்க வேண்டும். சனிக்கிழமை கூலியோடு வருகிற பருத்திக்காட்டு ஆட்கள் எந்தத் தட்டைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று ஸ்பியர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆகவே ஸ்பியர் ஆள் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். கடை மாடியில் தட்டு வெட்டும் கருவி வைத்து, வருகிறவர்களைப் பாடச் சொல்லி மாதிரி எடுப்பார். பிடித்தால் கம்பெனிக்கு அனுப்புவார். சார்லி பேட்டன், ஸ்கிப் ஜேம்ஸ், டாமி ஜான்சன் எல்லோரும் அவர் காது வழியாகப் போனவர்கள்தான்.

இதைப் படிக்கும்போது நமக்கு ஏவி. மெய்யப்பன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். காரைக்குடியில் அவருடைய அப்பா ஆவிச்சி செட்டியார் வைத்திருந்த ஏவி அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டும் விற்பனைக்கு இருந்தது. 1907இல் பிறந்த மெய்யப்பன் இள வயதிலேயே கல்லாவில் உட்கார்ந்தவர். எந்தப் பாட்டுக்கு எந்த ஊர்க்காரர் கை நீட்டுகிறார் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறர் தயாரித்த தட்டை வாங்கி விற்பதைவிட நாமே பாடவைத்துத் தட்டு போட்டால் என்ன என்று தோன்றியது. 1930களின் தொடக்கத்தில் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஜெர்மன் ஓடியன் கம்பெனியின் தட்டுகளை விற்கும் உரிமை எடுத்தார். பாடகர்களைத் தேடுவது, பாட்டைத் தேர்ந்தெடுப்பது, பதிவு செய்ய ஏற்பாடு பண்ணுவது என்று போய், 1935இல் முதல் படத்தையும் எடுத்தார். அந்தப் படம் கையைக் கடித்தது, அது வேறு விஷயம். மிசிசிப்பியில் ஸ்பியர் ஆள் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், காரைக்குடிக் கடையிலிருந்து கிளம்பிய ஒருவர் தமிழில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். சரக்கைக் கொண்டு போய் விற்கப் பல தேசம் போன ஊர் நம் ஊர். பாட்டும் ஒரு சரக்கு என்று அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் பட்டதில் ஆச்சரியமில்லை.

1936இல் ஜான்சன் தானாகவே ஸ்பியர் கடைக்கு வந்தார். ஸ்பியருக்குப் பிடித்தது, ஏஆர்சி என்ற கம்பெனியின் விற்பனையாளர் எர்னி ஓர்ட்டலிடம் சொல்லிவிட்டார். ஓர்ட்டல் அவரை டெக்சாஸில் உள்ள சான் அன்டோனியோவுக்கு அழைத்துப் போனார். அங்கே கன்டர் ஹோட்டலின் 414ஆம் அறையில் பதிவுக் கருவியை இறக்கி வைத்துக் காத்திருந்தார் டான் லா என்ற இங்கிலாந்துக்காரர். ஊர் ஊராகக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் ஹோட்டல் அறையிலோ கிட்டங்கியிலோ பதிவு செய்வது அன்றைய வழக்கம். மெழுகுத் தட்டு சுழலும். பாட்டு நேராக அதில் வெட்டப்படும். வெட்டி ஒட்டுவது, திருத்துவது எல்லாம் கிடையாது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம். மரத்தடியில் அரை மணி நேரம் ஆட்டத்துக்கு வாசிக்கிற பாட்டை, தொடக்கமும் முடிவும் வைத்து மூன்று நிமிஷத்துக்குள் அடைக்க வேண்டும்.

ஜான்சனின் பெரிய கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அவருக்கு முந்தைய ப்ளூஸ்காரர்கள் பலர் தட்டில் பாடும்போது நேரம் முடிந்ததும் சட்டென்று நிறுத்தியது தெரியும். ஜான்சனின் பாட்டுகள் தட்டுக்கென்றே கட்டப்பட்டவை. அடிகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வரும்; நடுவில் ஒரு மாற்றம் இருக்கும்; முடிப்பு தானாக வந்து உட்காரும். காரணம், அவரே தட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை. சன் ஹவுஸை நேரில் கேட்டார், லெராய் கார், கோகோமோ அர்னால்ட் போன்றவர்களைத் தட்டில் கேட்டார். அன்று முதல் நாளில் பதிவு செய்த எட்டுப் பாட்டில் ஒன்று கிராமபோனைப் பற்றியதே. ஊசி துருப்பிடித்துவிட்டது, தட்டு ஓடமாட்டேன் என்கிறது என்று காதலியிடம் இரட்டை அர்த்தத்தில் புலம்புகிற பாட்டு. அது அவர் உயிரோடிருந்த வரை வெளிவரவில்லை.

முதல் நாள் எட்டு, 26ஆம் தேதி ஒன்று, 27ஆம் தேதி ஏழு. நடுவில் சான் அன்டோனியோ போலீஸ் அவரைத் திரிகிறவன் என்று பிடித்து அடித்ததாகவும், தான் போய் மீட்டு வந்ததாகவும் டான் லா சொல்லியிருக்கிறார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்த கதையும் அவர் சொன்னதுதான். அறையில் மெக்சிகோ இசைக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் முன் வாசிக்கக் கூச்சப்பட்டு மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார் என்பது லாவின் விளக்கம். மூலையில் வாசித்தால் ஒலி திரண்டு வரும் என்று தெரிந்தே செய்தார் என்று கிட்டார்க்காரர் ரை கூடர் சொல்கிறார். ஜான்சனோடு ஊர் சுற்றிய ஜானி ஷைன்ஸ் கதையை வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்றாவது காரணம்தான் பொருத்தமாகப் படுகிறது. தன் விரலை யாராவது உற்றுப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாராம். கூச்சமில்லை, தொழில் ரகசியம்.

அந்த விரலில் அப்படி என்ன இருந்தது? கட்டை விரல் தடித்த கம்பிகளில் ஒரே நடையை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும். பியானோக்காரர்கள் இடது கையால் வாசிக்கிற நடை அது. அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். அதே நேரத்தில் மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில், பாடிய அடிக்குப் பதில் சொல்லும். சில பாட்டில் விரலில் குழாய் மாட்டிக் கம்பி மேல் வழுக்கி, குரல் விட்ட இடத்தைக் கிட்டார் முடிக்கும். பாட்டு, பதில், தாளம் மூன்றையும் ஒரே ஆள் கவனிக்கிறார். கீத் ரிச்சர்ட்ஸ் முதல் தடவை கேட்டபோது, கூட வாசிக்கிற இன்னொரு ஆள் யார் என்று கேட்டாராம். காரைக்குடிக்காரர்களுக்கு இது அத்தனை அந்நியமாக இருக்காது. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் புகழ் சேர்த்த வீணைப் பாணியில் மீட்டு அழுத்தமாக இருக்கும். பக்கவாட்டுத் தாளத் தந்திகளைச் சுண்டு விரல் தட்டுவது காதில் பளிச்சென்று கேட்கும். ராகம் ஒரு பக்கம் போக, தாளம் அதே கையில் பிடிபடும். 1952இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, கலாக்ஷேத்ராவில் பாடம் சொன்ன சாம்பசிவ ஐயரின் வாசிப்பைக் கேட்டுவிட்டு ஜான்சனைக் கேட்டுப் பாருங்கள். இசை வேறு, கை செய்கிற வேலை பக்கத்தில் வரும்.

1937 ஜூன் 19இல் மூன்று பாட்டு, 20இல் பத்துப் பாட்டு. இந்த முறை டல்லாஸில், பார்க் அவென்யூ 508ஆம் எண் கட்டடம். வார்னர் பிரதர்ஸ் படப்பெட்டிகள் வந்து போகும் இடம் அது. அதோடு பதிவு முடிந்தது.

ஆனால் அந்த 29 பாட்டுதான் ஜான்சன் என்று நினைத்தால் தப்பு. தெரு முனையில் தொப்பியைக் கவிழ்த்து வைத்து வாசிக்கும்போது, வழிப்போக்கர் எதைக் கேட்டாலும் வாசிப்பார் என்று ஷைன்ஸ் சொல்கிறார். பிங் கிராஸ்பி என்ற வெள்ளைக்காரப் பாடகர் பாடிய சினிமாப் பாட்டு, நாட்டுப்புற வெள்ளையர் பாட்டு, போல்கா என்ற ஆட்டப் பாட்டு எல்லாம் அதில் உண்டு. யாரோடோ பேசிக்கொண்டே ரேடியோவில் ஒரு பாட்டைக் காதில் வாங்கி, மறுநாள் சுரம் பிசகாமல் வாசிப்பாராம். அதில் ஒன்றுகூடத் தட்டில் இல்லை. ஏன்? கறுப்பினத்தவருக்கான தட்டு என்று கம்பெனிகள் தனி வரிசை வைத்திருந்தன. அந்த வரிசையில் கடைக்காரர் கேட்டது ப்ளூஸ். கறுப்பர் பாடிய பிங் கிராஸ்பியை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஸ்பியர் காது கொடுத்தது நமக்கு ஜான்சனைத் தந்தது. அதே காது ஜான்சனில் முக்கால் பங்கை வெளியே நிறுத்திவிட்டது. இன்று உலகம் தெரிந்து வைத்திருக்கிற இருண்ட, தனித்த, பிசாசு துரத்துகிற ஜான்சன், ஒரு விதத்தில் கடைத் தேவைக்காகப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஜான்சன். சன் ஹவுஸ் காலத்திலும் நம் நாடக மேடைக் காலத்திலும் இது ஒன்றுபோல நடந்திருக்கிறது. விடிய விடிய நடந்த நாடகத்தில் பாட்டுக்காரர்கள் என்னென்ன விஸ்தாரம் செய்தார்களோ, தட்டில் மூன்று நிமிஷம்தான் மிஞ்சியது.

வாழ்ந்த காலத்தில் பதினொரு தட்டு வெளிவந்தது. வொகேலியன் லேபிளில் விலை 35 சென்ட். டெரப்ளேன் என்ற காரை வைத்துப் பெண்ணைப் பாடுகிற பாட்டு ஒன்றுதான் கொஞ்சம் ஓடியது. அதுவும் சில ஆயிரம் பிரதி. ராயல்டி என்ற பேச்சே கிடையாது, பாட்டுக்கு இவ்வளவு என்று கைக்காசு. தட்டு வந்த பிறகும் அவர் ரயிலேறி ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். 1938 ஆகஸ்ட் 16இல் மிசிசிப்பியின் கிரீன்வுட் பக்கத்தில் இறந்தார். விஸ்கியில் விஷம் வைத்தார்கள், பெண் விவகாரம் என்று பேச்சு உண்டு. 1968இல் கேல் டீன் வார்ட்லோ என்ற ஆராய்ச்சியாளர் தேடி எடுத்த இறப்புச் சான்றிதழில், காரணம் எழுத வேண்டிய இடத்தில் மருத்துவர் இல்லை என்று மட்டும் இருந்தது. ஜான்சன் பெயருக்கு இன்று மூன்று இடத்தில் கல்லறைக் கல் நிற்கிறது.

27 வயது என்றதும் தமிழ் நாடக ரசிகர்களுக்கு எஸ்.ஜி. கிட்டப்பா நினைவுக்கு வருவார். 1906இல் பிறந்து 1933இல் போனவர். இருவரையும் அவர்கள் காலத்து ஜனங்கள் நேரில் கேட்டார்கள். நமக்குத் தட்டு மட்டும். ஒரே வித்தியாசம், கிட்டப்பா இறந்தபோது தமிழ்நாடே அழுதது. ஜான்சன் இறந்தது ஊருக்கு வெளியே தெரியவில்லை. 1938 டிசம்பர் 23இல் நியூயார்க் கார்னகி ஹாலில் கறுப்பின இசைக்கு ஒரு பெரிய கச்சேரி வைத்த ஜான் ஹாமண்ட், ஜான்சனை மேடையேற்ற ஆள் அனுப்பித் தேடினார். இறந்துவிட்ட செய்திதான் வந்தது. மேடையில் கிராமபோனை வைத்து அவருடைய இரண்டு தட்டைப் போட்டுக் காட்டினார் ஹாமண்ட். கார்னகி ஹாலில் ஜான்சன் வாசித்தது அப்படித்தான்.

அடுத்து வருகிற கட்டத்தில் நம் நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. அந்தக் காலத் தட்டு அரக்கால் ஆனது. மரத்தில் அரக்குப் பூச்சி விடுகிற பிசினைச் சுத்தம் செய்து, கல் மாவும் கரியும் கலந்து அழுத்தினால் தட்டு. உலகத்துக்கு அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. ஜான்சனின் கிட்டார் ஒலி பள்ளமாகப் பதிந்திருந்தது நம் காட்டுப் பிசினில். 1942இல் யுத்தத்தால் கப்பல் போக்குவரத்து ஆபத்தானது. அரக்கு ராணுவத் தேவைக்கும் வேண்டியிருந்தது. தட்டுக் கம்பெனிகள் அரக்குச் செலவை 70 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உடைத்து, உருக்கிப் புதுத் தட்டு போட்டார்கள். ஓடாத பாட்டுகள்தான் முதலில் உருக்கப்பட்டவை. ஜான்சனின் தட்டுகள் இன்று கிடைப்பதற்கு அரிதாகப் போனதில் இதற்கும் பங்கு இருக்கிறது. அதே 1942இல்தான் ரங்கூன் விழுந்து, பர்மாவில் பணம் போட்டிருந்த நம்மவர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கிராமபோன் பெட்டி பட்டாலையிலிருந்து பரணுக்கு ஏறியதும், பிறகு பங்காளிகள் பிரித்துக்கொண்டதும் அந்தச் சரிவுக்குப் பின்னால் நடந்தவை.

மெய்யப்பனுக்கும் யுத்தம் இடைஞ்சல்தான். சென்னையில் ஸ்டுடியோ போட மின்சாரம் கிடைக்கவில்லை. 1945இல் ஏவிஎம் தொடங்கியதும் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகையும் கீற்றுக் கொட்டகைகளுமாக ஸ்டுடியோவை அமைத்தார். 1947 பொங்கலுக்கு வந்த நாம் இருவர் அங்கே எடுத்த படம். அதில் டி.கே. பட்டம்மாள் குரலில் வந்த பாரதியார் பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. பாரதியார் பாட்டைத் தட்டில் பதியும் உரிமையை மெய்யப்பன் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். ஜனங்கள் எதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1949இல் அந்த உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். ஸ்பியருக்கோ, பிடித்துக் கொடுத்த ஆளுக்கு உரிய கூலி வந்ததோடு சரி. 1930களின் பின்பகுதியிலேயே அந்தத் தொழிலை விட்டுவிட்டார். வார்ட்லோ தேடிப் போய்ப் பேசியிருக்காவிட்டால் ஸ்பியர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

ஜான்சன் திரும்பி வந்தது 1961இல். கொலம்பியா கம்பெனி அவருடைய 16 பாட்டை ஒரு எல்பியாக, அதாவது நீண்ட நேரம் ஓடுகிற தட்டாகப் போட்டது. அதற்குப் பின்னாலும் ஹாமண்ட் இருந்தார். வெளிவரும் முன்பே ஒரு பிரதியை இளைஞர் டிலன் கையில் கொடுத்தவரும் அவர்தான். லண்டனில் அந்த எல்பியை விடலைப் பையன்கள் ஊசி தேயத் தேயக் கேட்டார்கள். 1968இல் கிளாப்டன் இருந்த க்ரீம் குழு நாற்சந்திப் பாட்டை மின்சார கிட்டாரில் அதிரவைத்தது. 1990இல் எல்லாப் பதிவையும் சேர்த்து ஒரு பெட்டியாகப் போட்டபோது 20,000 விற்றால் போதும் என்று கம்பெனி நினைத்தது. விற்பனை லட்சக்கணக்கில் போய் கிராமி விருதும் வாங்கியது. இத்தனை பணம் யாருக்கு என்று வழக்கு எழுந்தது. கிளாட் ஜான்சன் என்ற ஜல்லி லாரி ஓட்டுநர்தான் மகன், வாரிசு என்று மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் 2000இல் உறுதி செய்தது. 1931இல் பிறந்த அவர் அப்பாவைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. பிசாசின் பாட்டு பாடுகிறவன் என்று தாத்தா பாட்டி வீட்டுக்குள் விடவில்லையாம்.

அமெரிக்காவில் ப்ளூஸ் தட்டுகள் பிழைத்ததற்குக் காரணம் சேகரிப்பாளர்கள். கறுப்பர் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழைய தட்டை விலைக்கு வாங்கினார்கள். நம் பக்கத்திலும் வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் வாங்குகிறவர்கள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பார்த்தால் பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி நடுவே தட்டுகளும் அடுக்கிக் கிடக்கும். வாங்குகிறவர்கள் அதிகம் ஹோட்டல் சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள். மாட்டட்டும், அதற்கு முன்னால் ஒரு தடவையாவது அது என்ன பாட்டு என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாமே என்று எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், லேபிளை ஒட்டிய பாட்டில்லாத வளையத்தில் பொடி எழுத்தும் எண்ணும் தெரியும். ஜான்சனின் முதல் பாட்டுக்கு எஸ்ஏ 2580 என்று எண். எஸ்ஏ என்றால் சான் அன்டோனியோ. டல்லாஸ் பாட்டுகளுக்கு டிஏஎல். கடைசியில் ஒன்று, இரண்டு என்று இருப்பது எத்தனையாவது முறை பாடியது என்பதைச் சொல்லும். நம் தட்டுகளிலும் இப்படி எண் உண்டு. லேபிள் கிழிந்து போயிருந்தாலும் அந்த எண்ணைக் குறித்து வைத்தால், விவரம் தெரிந்தவர்கள் பாட்டையும் ஆண்டையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பரணில் தட்டு இருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கூடாது. தேக்குக் கதவுக்குப் பாலிஷ் போடுகிற ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைப்பார். தட்டும் அதே போலக் கரைந்து பள்ளம் அழிந்துவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், லேபிளில் ஈரம் படாமல், பள்ளம் ஓடுகிற போக்கிலேயே துடைத்தால் போதும். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கப் போடாமல் நெருக்கமாக நிறுத்தி வையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் ஆகாது. பழைய கிராமபோன் பெட்டியில் போட்டால் நூறு கிராமுக்கு மேல் எடை ஊசியில் அழுத்தும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாட்டைச் சுரண்டிவிடும். நிமிஷத்துக்கு 78 சுற்று வேகம் உள்ள டர்ன்டேபிளில் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் நல்லது. அதற்கும் எல்பி ஊசி ஆகாது. அது அகலப் பள்ளத்தின் அடிக்கு இறங்கி இரைச்சலை மட்டும் பொறுக்கும். 78 தட்டுக்கென்றே அகல முனை ஊசி தனியாக விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.